மாற்று வக்காலத்து

“வக்கீலை மாத்திரலாமா, சாமி?”

2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து மாலை ஒன்றில், இறந்த ஆன்மாக்களுக்கான செபமாலை முடிந்து ஆலயக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய நம்மிடம் இக்கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவர், நாம் முன்பு பணியாற்றிய பங்கின் உபதேசியாருடைய மனைவி. இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். மடியில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதனுள் மூன்று ஆண்டுக் காகிதங்கள். தேநீர் கொடுத்தோம், தொடவில்லை. விடை கிடைத்த பிறகுதான் குடிப்பது என்று இருந்தார் போலும்.

பங்குக்குருவிடம் மக்கள் கொண்டுவரும் கேள்விகள் பல. திருமணத் தடை, ஞானப் பெற்றோராகும் தகுதி, கல்லறையில் இடம், பிள்ளைக்குப் பள்ளியில் இடம்: இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு விடை நம் கைவசம் உண்டு. வழக்கறிஞரை மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்குக் குருமடம் நம்மைத் தயாரிக்கவில்லை. ஒழுக்க இறையியலில் நீதியைப் பற்றி ஒரு முழுப் பருவம் படித்தோம். பிறர்க்கு விளைத்த இழப்பை ஈடுசெய்யும் கடமை எப்போது பிறக்கிறது, எப்போது தீர்கிறது என்று நுணுகி நுணுகி எழுதித் தேர்வும் பெற்றோம். வாய்தா என்ற ஒன்றைப் பற்றி மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில், தன் சகோதரன் சொத்தில் பங்கு தருமாறு சொல்லும்படி ஒருவன் ஆண்டவரைக் கேட்கிறான். தம்மை நடுவராக ஏற்படுத்தியவர் யார் என்று கேட்டு ஆண்டவர் ஒதுங்கிக்கொள்கிறார். பங்குப் பேரவைத் தகராறுகளில் இந்த இடத்தை நாம் பலமுறை பயன்படுத்தியதுண்டு. அன்று வாய் வரவில்லை. விபத்து நடந்த பாதையில் உபதேசியாரை அனுப்பியதும் நாமே. அந்த வழக்கறிஞரைத் தேடிக் கொடுத்ததும் நாமே.

விபத்து நடந்தது 2016 ஆகஸ்ட் 14. மறுநாள் விண்ணேற்பு அன்னையின் திருவிழா. தேரிக்காட்டு ஓரத்தில் நாற்பது குடும்பங்கள் மட்டுமே உள்ள நம் கிளை ஊர்க் கோவிலுக்குக் கொடித்துணி போய்ச் சேரவில்லை என்று மாலை ஐந்து மணிக்கு நினைவு வந்தது. “காலையில் கொண்டுபோகிறேனே சாமி, இருட்டப் போகிறது” என்றார் உபதேசியார். “இப்போதே கொடுத்துவிட்டால் நிம்மதி” என்றோம். நம் நிம்மதிக்காக அவர் சைக்கிளை எடுத்தார். திருச்செந்தூரை நோக்கிச் செல்லும் சாலையில், பின்னால் வந்த சரக்கு வேன் அவரைத் தட்டி, வலது கணுக்காலின் மேல் ஏறி இறங்கியது. எலும்புகள் முறிந்ததுடன் கணுக்கால் மூட்டும் நொறுங்கியிருந்தது. அரசு மருத்துவமனை, பின்பு தனியார் மருத்துவமனை, இரண்டு அறுவைச் சிகிச்சைகள், உள்ளே ஒரு தகடு. உயிர் பிழைத்தார். கால் நின்றது, மூட்டு மடங்கவில்லை. அப்போது அவருக்கு வயது 46.

வழக்கறிஞர் வேண்டும் என்றபோது நாம் அதிகம் யோசிக்கவில்லை. மாவட்டத் தலைநகரில் தொழில் நடத்திய ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிறு திருப்பலிக்கு முன்வரிசையில் இருப்பார். திருவிழாவில் ஒருநாள் உபயம் அவருடையது. அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். “அனுப்பி வையுங்கள் பாதர், நம் பிள்ளைதானே” என்றார். அவர் விபத்து வழக்குகளை மிகுதியாக நடத்துகிறவரா, உரிமையியல் வழக்குகளா, எதுவும் கேட்கவில்லை. காய்ச்சலுக்குப் போகிறவன்கூட வைத்தியர் எதற்குப் பெயர் பெற்றவர் என்று விசாரித்துவிட்டுப் போகிறான்.

மனு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்கீழ்ப் பதிவாகி, எம்.சி.ஓ.பி. எண் விழுந்தது. முதலாண்டு யார்க்கும் குறையில்லை. தவறு யாருடையது என்று பாராமல் நிரந்தர ஊனத்துக்கு அக்காலத்தில் கொடுக்கப்பட்ட 25,000 ரூபாய்க்காக ஒரு மனுப் போட்டிருக்கலாம், போடவில்லை. அதுவும் பிறகுதான் நமக்குத் தெரிந்தது. 2018-இல் வேறு பங்குக்கு மாற்றலானோம். ஊரைவிட்டு வந்தபின் வழக்கு நம் நினைவில் பின்னுக்குப் போயிற்று என்பதே உண்மை.

நவம்பருக்கு முன்பே, 2019 தவக்காலத்தில், அந்த அம்மையார் ஒருமுறை வந்தார். பதினொரு வாய்தா ஆகிவிட்டது, வக்கீலைப் பார்க்கப் போனால் குமாஸ்தாதான் பேசுகிறார், தொலைபேசியை எடுப்பதில்லை, வாய்தாவுக்கு வாய்தா உபதேசியாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், மரத்தடியில் உட்கார வைத்து, மாலையில் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது மட்டும்தான் நடக்கிறது என்று அழுதார். “வேறு வக்கீலைப் பார்க்கச் சொல்லுகிறார்கள், சாமி.”

அன்று நாம் புனித இஞ்ஞாசியாரைத் துணைக்கு அழைத்தோம். ஆன்மீகப் பயிற்சிகள் நூலில், வறட்சியும் கலக்கமும் சூழ்ந்த காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றலாகாது என்று ஒரு விதி உண்டு. தியானங்களில் நாம் விரும்பிச் சொல்லும் விதி அது. துறவு வாழ்வை விட்டுவிடத் துடித்த இளங்குருவர் இருவரை அந்த விதியைக் கொண்டே நிறுத்தியிருக்கிறோம். “மனம் கொந்தளிக்கும்போது எதையும் மாற்றாதீர்கள் அம்மா. பொறுமையாயிருங்கள்” என்று அனுப்பி வைத்தோம். அவரும் பொறுத்தார். எட்டு மாதம்.

இப்போது மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து நீட்டியது ஒரு தாள். டிசம்பர் மாதத்து மக்கள் நீதிமன்றத்தில் வழக்கை முடித்துக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி 2,10,000 ரூபாய் தரச் சம்மதம். வந்து கையெழுத்துப் போடவும் என்று குமாஸ்தா எழுதிக் கொடுத்தது. மக்கள் நீதிமன்றத்தை நாம் குறை கூறவில்லை. இழுபறியில்லாமல், செலவில்லாமல் அங்கே எத்தனையோ ஏழைகளின் வழக்குகள் முடிகின்றன. ஆனால் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி அங்கே எழுதப்படுவது முடிந்த முடிவு. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. இருதரப்பும் மனமொப்பினால்தான் முடிவு. ஒப்பாவிட்டால் வழக்கு பழைய நீதிமன்றத்துக்கே திரும்பும். ஆகவே அந்தக் கையெழுத்துக்கு முன்னால் இருந்த நாட்களே யோசிக்கக் கிடைத்த நாட்கள். கடனோ அப்போதே ஒன்றரை இலட்சம். மூத்த மகள் செவிலியர் படிப்பில் இரண்டாமாண்டு.

“பையை வைத்துவிட்டுப் போங்கள் அம்மா. வாசித்துவிட்டுச் சொல்கிறோம்” என்றோம். அதன்பிறகே தேநீரைக் குடித்தார்; ஆறிப் போயிருந்தது.

அன்றிரவு இரவுச் செபத்துக்குப் பின் காகிதங்களை மேசையில் பரப்பினோம். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டுகள், ரசீதுகள், 35 விழுக்காடு என்று மருத்துவக் குழு எழுதிய ஊனச் சான்றிதழ், மனுவின் நகல். வழக்கறிஞர் செய்த பிழையைக் கண்டுபிடிக்கும் ஆவலோடுதான் வாசித்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இத்தகைய வழக்குகளில் தொகை வானத்திலிருந்து விழுவதில்லை. காயம்பட்டவரின் மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, வயதுக்கேற்ற ஒரு பெருக்கு எண்ணால் மீண்டும் பெருக்கி, இழந்த உழைப்புத்திறனின் விழுக்காட்டை எடுக்கிறார்கள். மருத்துவச் செலவும் வலிக்கும் வேதனைக்குமான தொகையும் தனி. பெருக்கு எண்ணின் அட்டவணையை உச்ச நீதிமன்றம் 2009-இல் சர்ளா வர்மா வழக்கில் ஒழுங்குபடுத்தியது. 46 வயதுக்கு அது 13. மனுவில் உபதேசியாரின் வருமானம் மாதம் 3,000 ரூபாய். தாளில் போட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கு 36,000, பதின்மூன்றால் பெருக்க 4,68,000, அதில் 35 விழுக்காடு 1,63,800. வலிக்கும் பிறவற்றுக்கும் ஏதோ சேர்த்தால் 2,10,000. வழக்கறிஞர் எவரிடமும் விலைபோகவில்லை. கணக்கு அப்படித்தான் வந்தது.

ஆனால் உபதேசியாரின் வருமானம் 3,000 அன்று. அவர் தையற்காரர். பகலெல்லாம் தையல், காலையும் மாலையும் கோவில். புதுநன்மைப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு முதல் நம் அங்கியின் கிழிந்த ஓரம் வரை அவர் கை பட்டதுதான். மாதம் எட்டாயிரம் குறையாது. மிதித்துத் தைக்கும் இயந்திரம், மிதித்தது வலக்கால். மனுவில் தையல் என்ற சொல்லே இல்லை. ‘தேவாலயப் பணியாளர்’ என்று மட்டும் இருந்தது. எவ்வளவு பெரிய அலட்சியம் என்று கொதித்துக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினோம்.

அடுத்த தாள் நம்முடையது. பங்கின் முகவரி அச்சிட்ட தாளில், நம் கையெழுத்தோடும் பங்கின் முத்திரையோடும், 2016 நவம்பர் தேதியிட்ட வருமானச் சான்றிதழ். இன்னார் நம் பங்கில் உபதேசியாராகப் பணிபுரிந்து மாதம் 3,000 ரூபாய் பெற்று வந்தார் என்று நான்கு வரி. குமாஸ்தா வந்து கேட்டபோது, திருமண ஓலை வாசிக்கும் அவசரத்தில், கணக்கேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தது. எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. பங்கு கொடுத்தது அவ்வளவுதான். அந்த மனிதருக்கு வேறு பிழைப்பு உண்டா என்று அவரையே ஒரு வார்த்தை கேட்க நமக்குத் தோன்றவில்லை. மெய்யை மட்டும் எழுதி ஒருவருடைய பிழைப்பில் பாதிக்கு மேலே மறைத்துவிட முடியும் என்பதை அன்றிரவு கண்டோம்.

ஒழுக்க இறையியலாரின் பாதுகாவலரான புனித அல்போன்ஸ் லிகோரியார் ஒருகாலத்தில் வழக்கறிஞர். பதினாறு வயதிலேயே சட்டப் பட்டம் பெற்றவர். 1723-இல் நேப்பிள்ஸ் நகரில் பெரிய வழக்கொன்றில், தாம் பலமுறை வாசித்திருந்த பத்திரமொன்றின் பொருளைக் கவனிக்கத் தவறியதால் தோற்றார். அத்தோடு நீதிமன்றத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் குருவானார். குருமடத்தில் இதை இறைவன் அவரை அழைத்த வழியாகச் சொல்லித் தந்தார்கள். அவருடைய கட்சிக்காரர் என்ன ஆனார் என்று கேட்க நமக்கு முப்பது ஆண்டு ஆயிற்று.

இழப்பை ஈடுசெய்யும் கடமை பற்றிய பழைய குறிப்பேட்டையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். மனச்சான்றின்முன் குற்றமாகும் தவறு வேறு, வெறும் கவனக்குறைவு வேறு. பின்னதற்கு நீதிமன்றம் தீர்ப்பளித்தாலன்றி ஈடு செய்யக் கடமையில்லை என்று நம் கையெழுத்தே நமக்குச் சொல்லிற்று. நிம்மதி வரவில்லை.

இஞ்ஞாசியாரின் நூலையும் திறந்தோம். வறட்சியில் முடிவை மாற்றாதே என்னும் விதிக்கு அடுத்த விதியை நாம் அந்த அம்மையாருக்குச் சொல்லாமல் விட்டிருந்தோம். முடிவை மாற்றக் கூடாதாயினும், செபத்தாலும் நுணுகிய ஆய்வாலும் தன்னை மாற்றிக்கொள்ள முனைய வேண்டும் என்கிறது அது. நாம் பாதி விதியைக் கொடுத்து எட்டு மாதத்தை எடுத்துக்கொண்டோம். மேலும், மாற்றக்கூடாத அந்த ‘முந்திய முடிவு’ என்பது அமைதியில் ஆராய்ந்து எடுத்த முடிவு. முன்வரிசையில் இருக்கிறார் என்பதற்காக ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தது அந்த இனத்தில் சேருமா?

இப்போது வேறு சந்தேகம் எழுந்தது. வழக்கறிஞரை மாற்ற நாம் விரும்புவது வழக்குக்காகவா, நம் கடிதத்தைக் கண்டவர் கண்ணிலிருந்து மறைவதற்காகவா? பழியைச் சுமக்க ஒருவர் கிடைத்தால் யாருக்கும் வசதிதான். இஞ்ஞாசியார் மற்றொரு வழி சொல்கிறார்: இதே நிலையில் முன்பின் அறியாத ஒருவன் வந்து கேட்டால் என்ன சொல்வாயோ, அதைச் செய். அறியாதவன் கேட்டால் என்ன சொல்வோம்? முதலில் மூன்று செய்திகளை விசாரித்து வா என்போம். மனுவைத் திருத்த முடியுமா. மருத்துவர் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டாரா. இவற்றை இப்போதைய வழக்கறிஞர் செய்ய முன்வருகிறாரா. வருவார் என்றால் இரு. வரமாட்டார் என்றால் மாறு. அதற்கும் முன்னால், கால் யாருடையது, வழக்கு யாருடையது, அவரைக் கேட்டாயா என்போம்.

மூன்றாண்டாக எல்லாம் மனைவியே பேசினார். அவருக்கு நாம் பதில் சொன்னோம். உபதேசியாரை ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாளே போனோம். திண்ணையில் காலை நீட்டியபடி, கையால் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க முயன்றார், தடுத்து அருகில் அமர்ந்தோம். சான்றிதழை எடுத்துக் காட்டி, நாம் செய்ததைச் சொன்னோம். வாசித்தார். நெடுநேரம் பேசவில்லை.

“எனக்குத் தெரியும் சாமி. வக்கீல் ஆபீசுல வச்சு வாசிச்சுப் பார்த்தேன்.”

“ஏன் அப்போதே சொல்லவில்லை?”

“சாமி எழுதுனதைத் தப்புன்னு நான் எப்படிச் சொல்றது?”

வழக்கறிஞரை மாற்ற அவர் விரும்பாததற்கும் அதுவே காரணம். “சாமி பார்த்துக் குடுத்த வக்கீல். மாத்துனா உங்களை மாத்துன மாதிரி.” அவருடைய மனைவி உள்ளிருந்து, “காலு போனது உங்களுக்கா, சாமிக்கா?” என்றார். நாம் அந்த அம்மையாரின் பக்கம் நின்றோம்.

அவர் ஒப்புக்கொண்டபின் வழக்கறிஞரிடம் தனியே சென்றோம். இது நமக்கு எளிதாயிருக்கவில்லை. அவர் கோபப்படுவார், பங்கில் பேச்சாகும், உபயம் நிற்கும் என்றெல்லாம் பேருந்தில் எண்ணிக்கொண்டு போனோம். அவர் மரியாதையாக வரவேற்றார். தையல் வருமானம் ஏன் மனுவில் வரவில்லை என்று கேட்டதற்கு, நம்மை நிமிர்ந்து பாராமல் சொன்னார்: “பங்குச்சாமி முத்திரை வச்சுக் குடுத்த காகிதம், பாதர். அதுக்கு மேல நான் என்ன கேட்கிறது?” திருத்த மனுப் போட்டு, மருத்துவரை அழைத்து, சாட்சிகளைத் தயாரிக்க அவகாசம் இருக்கிறதா என்றோம். இரத்த அழுத்தம், இருநூறு வழக்கு, உதவிக்கு இருந்த இளையவரும் போய்விட்டார் என்றார். முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு மூன்றாண்டு வாய்தா வாங்கியிருந்தார். நாம் சான்றிதழை மறந்தது போல, அவர் வழக்கை மறந்திருந்தார். இருவரும் அதே உபதேசியாரின் அடக்கத்தை நம்பி இருந்துவிட்டோம்.

தமிழில் இத்தொழிலுக்கு இரண்டு பெயர்: வழக்கை அறிந்தவர் வழக்கறிஞர்; அதை எடுத்துரைப்பவர் வழக்குரைஞர். தூய ஆவியாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு ‘அருகில் அழைக்கப்பட்டவர்’ என்று பொருள். வழக்கில் துணை நிற்பவரையும் அது குறிக்கும். நம் விவிலியம் அதைத் ‘துணையாளர்’ என்கிறது. அறிவதும் உரைப்பதும் பிறகு. முதலில் அருகில் நிற்க வேண்டும்.

மாற்றம் நடந்த விதத்தை வாசகர்க்குப் பயன்படும் என்பதற்காகச் சிறிது கூறுகிறோம். வழக்கறிஞரை மாற்றுவது கட்சிக்காரரின் உரிமை. புதியவரின் வக்காலத்தில் பழையவர் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுவது வழக்கம். அவர் மறுத்தால் காரணம் கூறி நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். கட்டணப் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது; பாக்கியை அவர் வேறு வழியில் கேட்டுக்கொள்ள வேண்டும். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசுவதும் வழக்கறிஞர் சங்கக் குழுவின் விதிகளுக்குப் புறம்பானது. 2017-இலும் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்திருக்கிறது. “பழையவருக்கு ஒரு பங்கு, புதியவருக்கு ஒரு பங்கு போனால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?” என்ற அச்சத்தில் அந்த அம்மையார் பல இரவு தூங்கவில்லை. இந்த விதி அவருக்குத் தெரியாது, நமக்குந்தான் தெரியாது.

நம் வழக்கறிஞர் ஒரு காசும் கேட்கவில்லை. கட்டை அவரே கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். வாசல்வரை வந்து, “உபதேசியார்கிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க பாதர்” என்றார்.

புதிய வழக்கறிஞரைத் தேடுவதில் இம்முறை நம் முன்வரிசையை நம்பவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதை அறிந்து, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு உபதேசியாரையும் அழைத்துக்கொண்டு சென்றோம். அது நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருந்தது. மூன்றாண்டு அவர் அமர்ந்திருந்த மரத்தடியிலிருந்து நூறடி இருக்கலாம். அவர்கள் ஒதுக்கிய வழக்கறிஞர் இளம்பெண். கட்டை வாங்கியதும் நம்மைப் பாராமல் உபதேசியாரைப் பார்த்து, “ஐயா, காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் முன்னாடி என்ன செய்வீங்க, இப்ப என்ன செய்யறீங்க, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க” என்றார். உபதேசியார் ஒரு மணி நேரம் பேசினார். அவ்வளவு பேசக்கூடியவர் என்று நாம் அறியோம்.

மருத்துவர் எழுதும் ஊன விழுக்காடு வேறு, உழைப்பில் நேரும் இழப்பு வேறு என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருப்பதை அவர் எடுத்துச் சொன்னார். ஒரே காயம் எழுத்தர் ஒருவரின் பிழைப்பைத் தொடாமலும் இருக்கலாம். உடலால் உழைப்பவரின் பிழைப்பை அழித்தும் விடலாம். ஆகவே தொழிலை நிரூபித்தாக வேண்டும். அதற்குச் சாட்சி வேண்டும். அப்போதுதான் அவர் நம் பக்கம் திரும்பி, “பாதர், கூண்டில் ஏறுவீங்களா?” என்றார்.

2020 சனவரியில் வக்காலத்து மாறியது. மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரே அடைந்தது, நீதிமன்றமும் அடைந்தது. டிசம்பரில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த 2,10,000 ரூபாய் அந்நேரம் கைக்கு வந்திருக்கலாம். தையலுக்கும் ஆள் வரவில்லை, கோவிலும் பூட்டியிருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அந்த அம்மையார் தாலிக்கொடியை அடகு வைத்தார். பிறகு அதை மீட்க முடியாமல் ஏலத்தில் போயிற்று. நாம் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அவர் அதைப்பற்றிச் சொல்லவே இல்லை. நாம் கேட்கவும் துணியவில்லை. மாற்றச் சொன்னது சரியா என்று அந்த ஆண்டு முழுவதும் நம்மைக் கேட்டிருந்தால், நம்மிடம் பதில் இல்லை. லூக்கா 18-ஆம் அதிகாரத்துக் கைம்பெண்ணைப் பற்றிப் பிரசங்கம் வைக்க வேண்டிய நாள் வந்தபோது, அவள் நடுவரிடம் நடந்த நாட்களில் வீட்டில் என்ன சமைத்தாள் என்ற எண்ணமே மேலோங்கி நின்றது.

2021 இறுதியில் நம் முறை வந்தது. வெள்ளை அங்கியோடு சென்றோம். வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தோம். முத்திரை வைத்தவர் யாரோ அவரே வர வேண்டும் என்று எண்ணி அணிந்தோம். உபதேசியார் 1998 முதல் தையல் செய்து வந்ததையும், எவ்வளவு தைப்பார் என்பதையும் நாம் அறிந்தவரை சொன்னோம். பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வழக்கறிஞர் எழுந்தார். நம் சான்றிதழை நம்மிடமே நீட்டினார்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஆம்.”

“இதில் வருமானம் 3,000 என்று இருக்கிறது. இன்று எட்டாயிரம் என்கிறீர்கள். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?”

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முப்பது ஆண்டு அமர்ந்திருக்கிறோம். மறுபக்கம் முழந்தாளிடுபவர் ஏன் தொண்டையைச் செருமிச் செருமிப் பேசுகிறார் என்பது அன்று விளங்கிற்று. “அன்று எழுதியது பொய்யில்லை, குறை. அவரைக் கேளாமல் எழுதினேன். என் தவறு” என்றோம். நாம் என்று சொல்லும் பழக்கம் அந்த இடத்தில் தானாக உதிர்ந்துவிட்டது. நடுவர் எழுதுவதை நிறுத்தி ஒருகணம் பார்த்தார்; பிறகு எழுதினார்.

எதிர்த்தரப்பு விடவில்லை. இளைஞர் இயக்கத்தார் உபதேசியாரின் இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். இப்போது தைக்க முடியும்தானே என்று கேட்டார்கள். இடக்காலால் மிதித்துப் பழகுவதற்கு ஓராண்டாயிற்று, ஒரு மணிக்குமேல் உட்கார முடியாது என்று அவர் பதில் சொன்னார். நல்லெண்ணத்தில் செய்த உதவிகூட அங்கே இருபக்கமும் வெட்டுகிறது.

2022-இல் தீர்ப்பு. தையல் வருமானத்தை எட்டாயிரமாக ஏற்கவில்லை; எல்லாம் சேர்த்து மாதம் 7,000 என்று வைத்தார்கள். 35 விழுக்காடு அப்படியே. அந்த வகையில் மட்டும் 3,82,200. மருத்துவச் செலவு, வலி, பிற வகைகள் சேர்ந்து 5 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மனுத் தாக்கலான நாள் முதல் 7.5 விழுக்காடு வட்டி. ஒரு பகுதியை வங்கியில் வைப்பாக வைக்கச் சொன்னார்கள். கடன் தீர்ந்தது. தாலிக்கொடி திரும்பவில்லை.

பழைய வழக்கறிஞர் இன்றும் அதே முன்வரிசையில் இருக்கிறார் என்று அறிகிறோம். திருவிழாவுக்குப் போனபோது எதிர்ப்பட்டார். தீர்ப்பைப் பற்றி விசாரித்தார், தொகையைச் சொன்னோம். “நல்லது பாதர்” என்றார். சற்று நின்று, “அந்தப் பொண்ணு நல்லாக் கேள்வி கேட்டிருக்கு” என்றார்.

சென்ற ஆண்டு உபதேசியாரின் இளைய மகனுக்குக் கல்லூரி உதவித்தொகைக்காக நம்மிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டு இருவரும் வந்தார்கள். எழுதி, கையெழுத்திட்டு, உறையில் போடப் போனோம். உபதேசியார் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, “சாமி, ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க” என்றார். வாசித்தோம். மூன்றாவது வரியில் நிறுத்தச் சொல்லி, மகன் பிறந்த ஆண்டைத் திருத்தச் சொன்னார்.